தொலைநிலைப் பயன்பாட்டுச் சோதனை

ஒரு செயலியையோ இணையத்தளத்தையோ பயனர் தம் இடத்திலேயே இயக்க, ஆய்வாளர் வேறிடத்திலிருந்து மென்பொருள் வழியே கவனித்துப் பதிவுசெய்யும் ஆய்வுமுறை. ஆய்வாளர் உடன் உரையாடுவது நெறியாளர் வகை. பயனர் தனியே செய்து முடிப்பது நெறியாளரற்ற வகை. முன்னதற்குச் சூம் போன்ற காணொலி அழைப்பும் திரைப்பகிர்வும் போதும். பின்னதற்கு மேஸ் போன்ற கருவிகள் உண்டு. 1996இல் வெர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தின் ரெக்ஸ் ஹார்ட்சன் குழுவினர் இம்முறையை ஆய்வுக்கட்டுரையில் விளக்கினர்.

கொழும்பில் வடிவமைக்கப்படும் சேவையைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதித் தமிழ்ப் பயனரிடம் சோதிக்க இது மிக ஏற்றது. பொத்தானில் நீண்ட தமிழ்ச் சொல் வெட்டுப்படுவதும், ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகையில் பெயரைத் தட்டும்போது பயனர் தயங்குவதும் பகிர்ந்த திரையிலேயே புலப்படும். ஆனால் துறைமுகப் படகருகே வெயிலில் கைபேசித் திரை மங்குவதை அறிய நேர்ச்சந்திப்பே வேண்டும். பதிவுக்கு முன் பயனரின் ஒப்புதல் கட்டாயம் பெறப்பட வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைத் தரவுக் கையாளுகையின் சட்ட அடிப்படைகளுள் ஒன்றாக வகுக்கிறது.