கூண்டு எண் 2ஐப் பார்த்து ஏன் பயப்படணும்?

மழைக்காலத்தில் காசிமேட்டு டீக்கடையில் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்: "ரெண்டாம் நம்பர் கூண்டுதானே ஏத்திருக்காங்க, அதுக்கு என்ன இப்போ?" ராயபுரம் முதல் எண்ணூர் வரை பலருக்கும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பரீட்சை மார்க் மாதிரி. எண் ஏறினால் காத்தும் ஏறும் என்று நினைப்பு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி.

கூண்டு எண் என்பது துறைமுகம் கப்பலுக்குச் சொல்லும் சேதி. 1 என்றால் தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 2 என்றால் தூரக் கடலில் புயலே உருவாகிவிட்டது. இங்கிருந்து கிளம்பும் கப்பல் அதில் மாட்டலாம். 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். ஆக, 3ஐவிட 2க்குப் பின்னால் இருக்கும் ஆள் பெரியவன். கரையில் நிற்பவருக்கு 2 ஒன்றுமில்லை. ஆழ்கடலுக்குப் படகு எடுப்பவருக்கு அதுதான் உயிர் பிரச்சினை.

5, 6, 7ஐப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே புயல்தான், பாதைதான் வேறு. 5 என்றால் புயல் போகும் திசைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்கும். 6 என்றால் வலப்பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகே. நம் பக்கம் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். மேற்கே வரும் புயல் சென்னைக்கு வடக்கே கரை கடந்தால் இங்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். தெற்கே கடந்தால் கடலைக் கரைமேல் தள்ளும். 8, 9, 10க்கும் இதே கணக்கு. புயல் மட்டும் தீவிரமானது.

சரி, இந்த ஏற்பாடு எப்போது வந்தது? 1864 அக்டோபரில் கல்கத்தாவை ஒரு பெரும்புயல் அடித்துப்போட்டது. மறு வருஷமே அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. 1898 ஏப்ரல் முதல் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் குறிகள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

சென்னைக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். 1746 அக்டோபரில், கோட்டையைப் பிடித்த கையோடு கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. 1881 நவம்பரில், கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரையே உடைத்தது. 2016 டிசம்பரில் வர்தா.

மூன்று தேதிகளையும் சேர்த்துப் பாருங்கள்: அக்டோபர், நவம்பர், டிசம்பர். பள்ளிப் பாடத்தில் வரும் வானிலை, காலநிலை வித்தியாசம் இதுதான். வர்தா அடித்தது வானிலை. இந்த மாசங்களில்தான் பெரும்பாலும் அடிக்கும் என்பது காலநிலை. முன்னதை ஜன்னலில் எட்டிப் பார்த்தே சொல்லலாம். பின்னதைச் சொல்ல வருஷக்கணக்கில் குறித்துவைக்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வகத்தில் 1796 முதலே அந்தக் குறிப்பெடுக்கும் வேலை நடந்தது. கூண்டு இன்றைய சேதி. அந்தப் பதிவேடு பல தலைமுறைச் சேதி.

கடைசியாக எண் 11. 10ஐவிடப் பெரிய புயல் என்று நினைத்தால் தப்பு. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகலாம் என்று உள்ளூர் அதிகாரியே நினைக்கிறார் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் சேதி வந்தது தந்திக் கம்பி வழியாக. கம்பி அறுந்தால் சும்மா இருந்துவிடாமல், "எங்களுக்கே தெரியல, ஜாக்கிரதை" என்று சொல்லவும் ஒரு குறி வைத்திருந்தார்கள்.

அடுத்த முறை "ரெண்டுதானே" என்று யாராவது சொன்னால், யாருக்கு ரெண்டு என்று கேளுங்கள்.