தையல் ஆறியும் ஆறாத வலி

குடலிறக்கத்துக்கு நம்பத்தக்க அறுவை சிகிச்சையை வகுத்தவர் இத்தாலியின் படுவா நகர மருத்துவர் எதோர்தோ பாசினி. 1884-இல் தொடங்கிய அவரது முறையில், தொடையிடுக்கின் தளர்ந்த சுவர் தைத்து வலுவாக்கப்பட்டது. அதற்குமுன் அறுவை செய்தவர்களில் பலருக்குக் குடல் மறுபடி இறங்கிவிடும். பாசினியின் முறை அதைப் பெரிதும் குறைத்தது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அறுவையின் வெற்றி பெரும்பாலும் இந்த ஒன்றை வைத்தே அளக்கப்பட்டது. இறக்கம் திரும்பவில்லை என்றால் நோயாளி குணமானவர். அவருக்கு வலிக்கிறதா என்பது கணக்கில் வரவில்லை. மருத்துவ வரலாற்றில் இது சிறிய புறக்கணிப்பு அல்ல.

1980-களில் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் இர்விங் லிக்டென்ஸ்டைன், தசையை இழுத்துத் தைப்பதற்குப் பதிலாகப் பாலிபுரோப்பிலீன் வலையை வைத்துப் பொருத்தும் முறையைப் பரப்பினார். இறக்கம் திரும்புவது மேலும் அரிதானது. அதன்பின்தான் வலி கண்ணில் பட்டது.

1998-இல் குரோம்பி, டேவிஸ், மெக்ரே ஆகியோர் பிரிட்டனின் வலி மருத்துவ நிலையங்களுக்கு வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை வெளியிட்டனர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலியின் காரணங்களுள் அறுவை சிகிச்சையும் ஒன்று. டென்மார்க்கில் குடலிறக்க அறுவை செய்துகொண்டவர்களிடம் ஓராண்டு கழித்துக் கேட்டபோது 28.7 சதவீதத்தினர் வலி இருப்பதாகச் சொன்னார்கள். 11 சதவீதத்தினருக்கு அது வேலையையோ ஓய்வு நேரத்தையோ பாதித்தது. 2001-இல் வந்த இந்த முடிவு பலரை உலுக்கியது. கேட்டதுதான் புதிது, வலி முன்பே இருந்தது.

யாருக்கு வலி நிலைக்கும் என்ற தேடல் அதன்பின் வேகம் பெற்றது. அறுவைக்கு முன்பே அந்த இடத்திலோ உடலில் வேறெங்கோ வலி இருந்தவர்கள், இளையோர், பெண்கள், மிகுந்த பதற்றம் உள்ளவர்கள், ஒரே இடத்தில் மறுபடி அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். பித்தப்பை அகற்றிய பிறகும் வலி தீராத சிலருக்கு, முதலில் இருந்த வலியே பித்தக்கல்லால் வந்ததாக இருக்காது. தொடையிடுக்கு அறுவையில் அந்த வழியே ஓடும் மூன்று நரம்புகள் முக்கியம். வெட்டுப்பட்டாலும், தையலில் சிக்கினாலும், தழும்பில் அல்லது வலையில் ஒட்டிக்கொண்டாலும் எரிச்சலும் மரத்துப்போதலும் சேர்ந்த வலி வரும். அதனால்தான் நரம்புகளைக் கண்டறிந்து காக்கும்படி இன்றைய வழிகாட்டுதல்கள் வற்புறுத்துகின்றன. துளைவழி அறுவையில் இந்த வலி பொதுவாகக் குறைவு.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்களின் கடும் வலியும், வலி நிலைக்கக்கூடும் என்பதற்கு ஓர் அறிகுறி. காயத்தின் தூண்டலால் தண்டுவட நரம்பணுக்கள் கூடுதலாக உணர்வேறுகின்றன என்று கிளிஃபர்ட் வுல்ஃப் 1983-இல் காட்டியது இதற்கு ஒரு விளக்கம். வெட்டுவதற்கு முன்பே வலியை அடக்கிவிட்டால் நாட்பட்ட வலியைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. ஆனால் அடுத்தடுத்த ஆய்வுகள் அதை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை.

இந்த நாட்பட்ட வலிக்கு மெக்ரேயும் டேவிஸும் 1999-இல் வகுத்த வரையறை, இரண்டு மாதமாவது நீடிக்கும் வலியைக் கணக்கில் எடுத்தது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு அதை மூன்று மாதமாக்கி, அறுவைக்குப் பிந்தைய நாட்பட்ட வலிக்குத் தனிக் குறியீடும் தந்தது. நோயாளியின் பதிவேட்டில் இனி அதை அதன் பெயரிலேயே எழுதலாம்.