வைக்கோலைக் கடதாசியாக்கிய கைகள்

வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் வீழ்ச்சியைப் பேசுவோர் பெரும்பாலும் போரைச் சொல்லி முடித்துவிடுகின்றனர். போர் அதனைச் சிதைத்தது உண்மையே. ஆயினும் அங்கு திரண்ட தொழில் திறமையை அதற்கு முன்னர் அரசு எவ்வாறு பேணியது என்ற கேள்வியும் உண்டு.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, களப்போரத்தில் அமைந்த இவ்வாலை, ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் (1948-1953) திட்டமிடப்பட்டு, 1956இல் நிறுவப்பட்டது. சுற்றுவட்டார வயல்களின் வைக்கோல் அதன் முக்கிய மூலப்பொருள். வைக்கோல் அறுவடைக் காலத்தில் மட்டுமே கிடைக்கும், நனைந்தால் அழுகும். அதன் நார் குறுகியது. அதிலுள்ள சிலிக்கா குழாய்களில் படிந்து அடைக்கும். இவற்றைச் சமாளிக்கும் பக்குவம், மூத்த தொழிலாளியிடமிருந்து இளையவருக்கு ஆண்டுக்கணக்கில் கைமாறி வரவேண்டியது.

அக்கைமாற்றத்திற்குத் தடையானவை ஆலைக்கு வெளியே இருந்தன. 1957ஆம் ஆண்டின் 49ஆம் இலக்க அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டம், பணிப்பாளர் நியமனத்தை அமைச்சரிடம் ஒப்படைத்தது. ஆட்சி மாறினால் தலைமையும் மாறியது. ஆலை பிறந்த அதே 1956இல் தனிச்சிங்களச் சட்டமும் பிறந்தது. தமிழ் ஊழியருக்கு அரச துறையில் தொழில் தேர்ச்சி மட்டும் போதாதென்ற நிலை உருவானது. 1977இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்திற்குப் பின் வந்த வேலை வங்கித் திட்டம், நாடாளுமன்ற உறுப்பினர் கொடுக்கும் படிவத்தையே அரச வேலைக்கு வாசலாக்கியது. சிபாரிசுக் கடிதத்திற்காக வரிசையில் நின்றதில் நம்மவரும் எவருக்கும் குறைந்தவரல்லர். அதே காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர, வெளிநாட்டுக் கடதாசியும் சந்தைக்கு வந்தது.

அரசுடைமைதான் குற்றமென்று முடிவு கட்டுவோர் தமிழகத்தைப் பார்க்கட்டும். 1979இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் அரசு நிறுவனமே. புகளூரில் கரும்புச் சக்கையை மூலப்பொருளாகக் கொண்டு அது இன்றும் காகிதம் செய்கிறது. வேளாண் கழிவும் அரசு நிர்வாகமும் சேர்ந்தால் ஆலை மூடப்பட்டே ஆகவேண்டுமென்ற விதி இல்லை.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது வாழைச்சேனை மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆலையின் அனுபவமும் அவர்களோடு அகதி முகாம்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சிதறியது. ஆலையை மீள இயக்கும் அறிவிப்புகள் பின்னர் பலமுறை வெளிவந்தன. ஒவ்வொரு முறையும் இயந்திரமும் நிதியும் பேசப்பட்டன. ஓய்வுபெற்ற பழைய தொழிலாளரை அழைத்து, அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கச் செய்வது எவ்வாறு என்பதையே முதலில் பேசியிருக்க வேண்டும். அந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.