கெட்ட இரத்தம்: டஸ்கீகியில் மறைக்கப்பட்ட நோயின் பெயர்

1932ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மேக்கன் மாவட்டத்தில், கறுப்பின மக்களின் ஆலயங்களிலும் பள்ளிகளிலும் ஓர் அறிவிப்புச் செய்யப்பட்டது. “கெட்ட இரத்தம்” உடையோரை அரசு மருத்துவர்கள் இலவசமாகச் சோதித்துச் சிகிச்சை அளிப்பர் என்பதே அது. பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்ட அவ்வேழைகளுள் மருத்துவரைக் கண்டவர் சிலரே. நம்பி வந்தனர்.

“கெட்ட இரத்தம்” என்பது அவ்வட்டாரப் பேச்சு வழக்கு. இரத்தசோகை, களைப்பு, மேகநோய் யாவும் அதனுள் அடங்கும். பொதுச் சுகாதாரத் துறையினர் தேடியதோ சிபிலிஸ் என்னும் மேகநோய் ஒன்றையே. அதுவும் குணமாக்க அன்று, சிகிச்சையின்றி அது எவ்வாறு முற்றுகிறது என்று காண. எளியோரிடம் அவர்கள் மொழியிலேயே பேசுங்கள் என்று நாம் மாணவருக்குப் போதிக்கிறோம். இங்கே அம்மொழியே திரையாயிற்று. நோயுற்ற 399 ஆண்களுக்கும் நோயின் பெயர் சொல்லப்படவில்லை. அது மனைவிக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் தொற்றும் என்பதும் சொல்லப்படவில்லை. நோயற்ற 201 பேர் ஒப்பீட்டிற்காகச் சேர்க்கப்பட்டனர்.

அரசே நோயை ஊசி வழியாகச் செலுத்தியது என்று சிலர் பேசுவது தவறு. அவர்கள் முன்னரே நோயுற்றிருந்தவர்கள். ஆயினும் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்த சோதனை, விசேஷ சிகிச்சை என்று அவர்களிடம் கூறப்பட்டது. ஆஸ்பிரினும் இரும்புச்சத்து மருந்தும் கொடுக்கப்பட்டன. 1947க்குள் பெனிசிலின் இந்நோய்க்கு உரிய மருந்தாக நிலைபெற்ற பின்னும் அது மறுக்கப்பட்டது. பிரேத பரிசோதனைக்குக் குடும்பத்தார் இசைந்தால் அடக்கச் செலவு தரப்பட்டது. கௌரவமான அடக்கத்திற்கு வழியற்றவர்க்கு அது சிறிய காரியமன்று.

இவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே பல்லாண்டுகள் நின்றவர் கறுப்பினச் செவிலியரான யூனிஸ் ரிவர்ஸ். வீடுகளுக்குச் சென்றார், தம் காரில் அழைத்து வந்தார். அவருடைய அன்பு பொய்யானது என்று நான் கருதவில்லை. அந்த அன்பே மௌனத்தை நீடிக்கச் செய்தது என்பதுதான் வேதனை.

பீட்டர் பக்ஸ்டன் என்னும் ஊழியர் 1966 முதல் துறைக்குள் எழுப்பிய ஆட்சேபங்கள் பயனளிக்கவில்லை. 1972 ஜூலையில் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வெளிவந்த பின்னரே, அவ்வாண்டில் ஆய்வு நின்றது. 1974இல் மனிதர்மீது நடத்தும் ஆய்வுகளை நெறிப்படுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. 1997 மே 16 அன்று குடியரசுத் தலைவர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டபோது எண்மரே உயிரோடிருந்தனர்.

நோட்டசல்காவிலுள்ள சைலோ மிஷனரி பாப்டிஸ்ட் ஆலயமும் ஆட்கள் சேர்க்கப்பட்ட இடங்களுள் ஒன்று. அவர்களுட் பலர் அதன் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.