வீடு தேடி வந்த வகுப்பறை

குழந்தை பள்ளியை நாடிச் செல்வதே உலக வழக்கு. பள்ளி குழந்தையை நாடி வீட்டுக்கு வந்த காலமும் ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டில் பெங்களூரு நகரில் அதனை நாம் கண்டோம். கூடத்தில் ஒரு நாற்காலி. அதன்மேல் ஒரு கைபேசி. எதிரே சீருடைச் சட்டையுடன் ஒரு குழந்தை. ‘இக்கல்வி நம் பிள்ளைக்கு ஏற்றதுதானா?’ என்னும் வினா அன்று வீடுதோறும் எழுந்தது. பெருந்தொற்று அகன்ற பின்னரும் அவ்வினா அகலவில்லை. பணி நிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்களுக்கு இணையவழிப் பள்ளி இன்றும் ஒரு புகலாகத் தோன்றுகிறது. ஆதலின், அந்நாளில் இந்நகரில் நிகழ்ந்தவற்றை நினைவுகூர்தல் நலம்.

தொலைவிலிருந்து சிறுவர்க்குக் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. 1937 செப்டம்பரில் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பள்ளிகளைத் திறப்பது தள்ளிவைக்கப்பட்டது. அந்நகரத்து வானொலி நிலையங்கள் மூன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பாடங்களை ஒலிபரப்பின. அவற்றிலும் இளைய குழந்தைகளுக்கு அவ்வேற்பாடு இல்லை என்பது கருதத்தக்கது. நம் நாட்டில் 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிச் சோதனை ஒன்று நடைபெற்றது. கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் அதில் பங்குபெற்றன. பள்ளிச் சிறுவர்க்கும் நிகழ்ச்சிகள் இருந்தன. ஆயினும் அங்கே பெட்டி பொதுவிடத்தில் இருந்தது. பிள்ளைகள் கூடியிருந்து கண்டனர். ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியே ஒரு திரையின்முன் அமரும் நிலை நம் நாட்டில் பெருவாரியாக வந்தது 2020-இல்தான்.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் பெங்களூருவில் பள்ளிகள் மூடப்பட்டன. தனியார் பள்ளிகள் பல இணையவழியே வகுப்புகளைத் தொடங்கின. மழலையரும் திரையை நோக்கி அமர நேர்ந்தமை குறித்துப் பெற்றோரிடையே கவலை பெருகிற்று. இந்நகரிலுள்ள ‘நிம்ஹான்ஸ்’ மனநல நிறுவனத்தாரின் கருத்தையும் கேட்டறிந்த மாநில அரசு, மழலை வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இணைய வகுப்புகளை நிறுத்துவதாக ஜூன் மாதத்தில் அறிவித்தது. எஸ். சுரேஷ்குமார் அப்போது கல்வியமைச்சர்.

இத்தடையை எதிர்த்துப் பெற்றோர் சிலர் உயர்நீதிமன்றத்தை அணுகினர். தலைமை நீதிபதி அபய் ஸ்ரீனிவாஸ் ஓகா, நீதிபதி நடராஜ் ரங்கசாமி ஆகிய இருவரும் ஜூலை 8-ஆம் நாள் தடையை இடைக்காலமாக நிறுத்திவைத்தனர். அரசியலமைப்பின் 21, 21-ஏ பிரிவுகள் தரும் வாழ்வுரிமைக்கும் கல்வியுரிமைக்கும் அது ஒவ்வாதது என்பது அவர்தம் கருத்து. அதே ஆணையில் மற்றொரு கூறும் உண்டு. இணைய வகுப்பைக் கட்டாயமாக்கவோ, அதற்கெனத் தனிக்கட்டணம் பெறவோ பள்ளிகளுக்கு உரிமை அளித்ததாக இதனைக் கொள்ளலாகாது என்றும், அதில் சேராத குழந்தைக்குப் பின்னர் இயல்பான கல்வி மறுக்கப்படலாகாது என்றும் நீதிபதிகள் தெளிவுபடுத்தினர்.

அரசு குழந்தையின் உடல் உள்ள நலத்தை எண்ணிற்று. நீதிமன்றம் குழந்தையின் உரிமையை எண்ணிற்று. இரண்டும் வேண்டியவையே. கட்டாயமில்லை என்றதனால், தெரிந்தெடுக்கும் பொறுப்பு பெற்றோர் தலைமேல் வந்து நின்றது. ஜூலை 14-ஆம் நாள் மத்திய அரசு ஒரு நெறிமுறை வெளியிட்டது. மழலையர்க்கு 30 நிமிடத்திற்கு மிகலாகாது. எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரு அமர்வுகளுக்கு மிகலாகாது என்று அது கூறிற்று. நேரத்திற்கு அளவு கிடைத்தது. ஏற்றதா அன்றா என்பதற்கு விடை கிடைக்கவில்லை.

எளியோர் வீடுகளில் அவ்வினா எழவும் வழியில்லை. இந்நகரிலுள்ள அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2020-இல் ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளிகளை ஆராய்ந்தது. குழந்தைகளுள் 60 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர்க்கு இணையக் கல்வி எட்டவில்லை. 2021-இல் 16,067 குழந்தைகளை ஆராய்ந்தபோது, அவருள் 92 விழுக்காட்டினர் முன்னாண்டில் பெற்றிருந்த மொழித்திறன்களுள் ஒன்றையேனும் இழந்திருந்தனர். கணிதத்தில் அவ்வாறு இழந்தோர் 82 விழுக்காட்டினர்.

மொழியிழப்பு என்னும் சொல் புலம்பெயர்ந்த நம்மை நின்று எண்ணச் செய்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் என வாழும் பிள்ளை, பாதிப் பாடத்தை அருகிலிருக்கும் தோழனிடமே கற்கிறது. திரையில் அத்தோழன் இல்லை. நம் இல்லத்துச் சிறுமி அப்போது முதல் வகுப்பு. நாம் அலுவலில் ஆழ்ந்திருந்த ஒரு நாள், அவள் கைபேசியைக் கூரைநோக்கித் திருப்பி வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். வகுப்பு முடியும்வரை ஆசிரியை கண்டது சுழலும் மின்விசிறியை மட்டுமே. மறுநாள் முதல் அருகில் அமர்ந்தோம். மொழிபெயர்ப்பே தொழிலாயினும் கன்னட எழுத்து நமக்கும் புதிது. இருவரும் சேர்ந்தே எழுதிப் பழகினோம். அதன்பின் கைபேசி கூரையைப் பார்க்கவில்லை.

இரு மாநில அரசுகளும் கண்ட வழிகள் இதனையே உணர்த்துகின்றன. கர்நாடகம் 2020 ஆகஸ்டில் ‘வித்யாகமா’ திட்டத்தின்கீழ் ஆசிரியர்களைக் குழந்தைகள் வாழுமிடத்திற்கே அனுப்பிற்று. நோயச்சத்தால் அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. தமிழ்நாடு 2021 அக்டோபர் 27-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வழித் தன்னார்வலரை மாலை வேளைகளில் குழந்தைகளுடன் அமரச் செய்தது. இரண்டும் நாடியது குழந்தையருகே ஒரு மனிதர் இருப்பதையே.

இன்று இணையவழிப் பள்ளியை எண்ணும் பெற்றோர் மூன்றினை நோக்குதல் நன்று. பிள்ளைக்குத் தானே படிக்கும் பருவம் வந்துவிட்டதா? பாட நேரத்தில் உடனிருக்க வீட்டில் ஒருவர் உண்டா? விளையாடவும் உரையாடவும் தன்னொத்த பிள்ளைகள் கிடைப்பாரா? தன்னூக்கமுள்ள மேல்வகுப்பு மாணவர்க்கு இது துணையாகலாம். அயலூரில் வாழும் பிள்ளைக்குத் தமிழ் பயிற்ற, 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் பயன்தரும். பள்ளி அருகிலிருக்க, சிறு குழந்தையைத் தனியே திரைமுன் விடுவது மட்டும் வேண்டா. ஒரு திங்கள் முயன்று பார்ப்போரும், நாள்தோறும் மாலையில், ‘இன்று என்ன படித்தாய்?’ என்று வினவுக. பிள்ளை தன் சொல்லில் கூறும் விடையை, மதிப்பெண்ணுக்கு முன்னதாகக் கேட்டறிக.