வீட்டுத்தோட்டம்: நடுவதற்கு முன் நிழலை அளப்போம்

2022 நெருக்கடியின்போது, சந்தையில் மரக்கறி விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பிய பலரைப் போல நானும் யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவைக் கொத்தத் தொடங்கினேன். விதையும் எருவும் தேடினேனே தவிர, எதை எங்கே நடுவது என்று யோசிக்கவில்லை. தெற்கு வேலியோரம் பாகல் பந்தல் போட்டேன். அதற்கு வடக்கே மிளகாய் நட்டேன். மார்கழியில் பாகல் செழித்துப் படர்ந்தது. மிளகாய்க் கன்றுகளோ நிழலுக்குள் நெட்டையாக வளர்ந்து, காய் பிடிக்காமல் நின்றன. அந்தப் போகம் முழுவதும் மிளகாயைக் கடையில்தான் வாங்கினோம்.

இந்தத் தவறு ஏன் நேர்கிறது? நாங்கள் மாரித் தோட்டத்தைத் திட்டமிடுவது ஆவணி, புரட்டாதியில். அப்போது நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். நிழல் கண்ணில் படாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். 6 அடி உயரப் பந்தலின் நிழல் நடுப்பகலிலேயே வடக்கே சுமார் 4 அடி விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். ஆனி மாதத்தில் நிழல் தெற்கே விழுந்தாலும், நடுப்பகலில் ஒன்றரை அடியைத் தாண்டாது.

ஆகவே பாகல், புடோல், பயிற்றைப் பந்தல்களும் முருங்கையும் வடக்கு எல்லையில் இருக்கட்டும். அவற்றுக்குத் தெற்கே வெண்டி, கத்தரி. அதற்கும் தெற்கே மிளகாய், தக்காளி, கீரை. மரநிழல் தவிர்க்க முடியாத இடத்தில் வல்லாரை, இஞ்சி நடலாம். கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் ஓடும் பக்கம் வாழைக்கு.

இப்போது எனது தோட்டம் கிழக்கு மேற்காக 24 அடி. அதில் 4 அடி அகலப் பாத்திகள் நான்கு. இரு பக்கத்திலிருந்தும் கை நடுவுக்கு எட்டும். இடையே ஒன்றரை அடி நடைபாதைகள் மூன்று. எல்லாம் சேர்ந்து இருபதரை அடி. மீதி மூன்றரை அடியில் கூட்டெருக் குவியலும் நாற்றுமேடையும். கார்த்திகை மழையில் வேர் அழுகாமலிருக்கப் பாத்திகளை அரை அடி உயர்த்துகிறேன். கோடையில் தண்ணீர் நிற்கும்படி வரம்பு கட்டித் தாழ்த்துகிறேன்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றைத் தாக்கும் வாடல் நோய் மண்ணில் தங்கி மற்றதையும் பிடிக்கும். அதனால் இவை மூன்றையும் ஒரே பாத்தியில் நட்டு, அடுத்த போகத்தில் வேறு பாத்திக்கு மாற்றுகிறேன். பழைய பாத்திக்குப் பயிற்றை அல்லது கீரை போகும்.

எது எங்கே நின்றது என்று ஒரு கொப்பியில் வரைந்து வைக்கிறேன். இரண்டு போகம் கழிந்தால் ஞாபகத்தில் நிற்காது. மண்வெட்டியை எடுக்கும் முன் நீங்களும் ஒரு தாளில் வடக்கைக் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். செலவில்லாத வேலை, ஒரு போகத்தைக் காப்பாற்றும்.