பரங்கிமலை லாயங்களும் 1910ஆம் ஆண்டுச் சட்டமும்

சென்ற இதழில், கிளாண்டர்ஸ் என்னும் கொடிய குதிரை வியாதியை ஒடுக்குவதற்காக 1899இல் இயற்றப்பட்ட சட்டத்தைக் கண்டோம். மூக்கிலிருந்து வடியும் நீராலும் பொதுத் தண்ணீர்த் தொட்டியாலும் லாயத்துக்கு லாயம் தாவி, மனிதரையும் மாய்க்க வல்ல அந்நோய்க்கு, தாம்பரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜட்கா ஓட்டிப் பிழைத்த ஏழை முதல் பரங்கிமலைப் பீரங்கிப் படையின் தளபதி வரை எல்லோருமே அஞ்ச வேண்டியிருந்தது. ஆனால் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1910இல், இந்திய சர்க்கார் மற்றொரு குதிரை நோய்க்கென்றே தனிச் சட்டம் ஒன்றைச் செய்தது. டூரின் சட்டம் என்பது அதன் பெயர். டூரின், ஆண் குதிரையும் பெண் குதிரையும் இணை சேர்வதால் பரவுகிற மேகநோய்.

இந்நோயின் போக்கைக் கூர்ந்து பார்த்தால், அக்காலத்துக் கால்நடை வைத்தியர்கள் ஏன் இதைக் கண்டு கலங்கினார்கள் என்பது விளங்கும். முதலில் பிறப்புறுப்பில் சிறிது வீக்கமும் கசிவும் தோன்றும். அது தானாகவே வடிந்துவிடும். குதிரைக்காரனும் நிம்மதி அடைந்துவிடுவான். சில வாரங்களோ மாதங்களோ சென்றபின், கழுத்திலும் விலாவிலும், தோலுக்கடியில் வெள்ளி நாணயத்தைச் செருகி வைத்தாற்போல வட்டமான தடிப்புகள் எழும்பி, சில நாட்களில் சுவடின்றி மறைந்து, வேறோரிடத்தில் மறுபடி தலைகாட்டும். கருத்த தோலில் வெண்திட்டுகள் படியும். பிறகு பின்னங்கால்கள் வலுவிழந்து, நடையில் தள்ளாட்டம் கண்டு, தீனி தின்றும் உடல் வற்றி, கடைசியில் எழுந்திருக்க இயலாமல் குதிரை படுத்துவிடும். நோய் கண்டவற்றில் பாதிக்கு மேல் மடிவதுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, வெளிக்கு எந்தக் குறியும் இல்லாமல் நோயைத் தாங்கித் திரியும் பொலிகுதிரை. ஒரு பருவத்தில் அது சேரும் பெட்டைகள் அத்தனைக்கும் அதனால் கேடு.

இதற்குக் காரணமான நுண்ணுயிரை 1890களில் அல்ஜீரியாவில் ரூஜே என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் கண்டறிந்தார். இதன் நெருங்கிய உறவான மற்றொரு கிருமி அதற்கு முன்பே, 1880இல், நம் நாட்டுக் குதிரைகளின் ரத்தத்தில் அகப்பட்டது. பஞ்சாபின் எல்லைப்புறத்தில், தேரா இஸ்மாயில் கானில், கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை வைத்தியர் சுர்ரா நோயை ஆராய்ந்தபோது கண்ட டிரிப்பனோசோமா அது. இரண்டையும் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் பிரித்தறிவது அரிது. ஆயினும் சுர்ரா, கடிக்கும் ஈக்களால் பரவுவது; டூரினுக்கு ஈயின் துணை வேண்டியதில்லை.

ஈயால் வரும் நோயைச் சட்டம் போட்டுத் தடுக்க முடியாது. இணை சேர்க்கையால் வருவதைத் தடுக்கலாம். இந்த உண்மையைப் பற்றிக்கொண்டுதான் 1910ஆம் ஆண்டுச் சட்டம் வகுக்கப்பட்டது. இனவிருத்திக்குரிய குதிரைகளைப் பதிவு செய்யவும், பரிசோதகர் சென்று பார்வையிடவும், நோய் உறுதியானால் ஆண் குதிரையைக் காயடிக்கவும், பெட்டையைக் கொன்றுவிடவும் அது அதிகாரம் தந்தது. உடையவனுக்கு நஷ்டஈடு தரவும் விதித்தது. மலைப்படைகளுக்கு வேண்டிய கோவேறு கழுதைகளைப் பெறுவதற்காக வளர்க்கப்பட்ட ஆண் கழுதைகளையும் அது விட்டுவைக்கவில்லை. கடுமையான சட்டம்தான், ஆனால் நோயைத் தீர்க்கும் மருந்து கைவராத காலத்தில் இதைவிட நேர்மையான வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சென்னைப் பக்கத்துக்கு இச்சட்டத்தால் நேர்ந்த வேலை பஞ்சாபைப்போல இருந்திருக்க நியாயமில்லை. தமிழ்நாடு பழங்காலந்தொட்டே குதிரையை விலைக்கு வாங்கிய நாடேயன்றி, பெருவாரியாக ஈன்ற நாடன்று. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகரின் கதை நம் குழந்தைகளுக்கும் தெரியும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியும் பேணத் தெரியாமல் பாண்டியர் அவற்றைச் சாகவிட்டதை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். கும்பெனிக் காலத்திலும் இதே நிலைதான். 1824இல் ஓசூரில் ராணுவக் குதிரைகளுக்காகப் பண்ணை அமைத்த பிறகும், ஆஸ்திரேலியாவிலிருந்து வேலர் குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்திறங்கின. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் நின்ற படைக்குதிரைகளுக்கு வேலை பீரங்கி இழுப்பதும் சவாரியுமே. இனவிருத்தி நடவாத இடத்தில் டூரின் நுழைய வாசலில்லை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், ஜட்காக் குதிரைகளும் படிப்படியாக மறைந்தன.

ஆனால் பொலிகுதிரை வழியாக நோய் ஊரூராகச் செல்லும் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 1977இல், இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளின் தலைநகரெனப் பெயர்பெற்ற நியூமார்க்கெட்டில், பெட்டைகள் சினைப்படாமல் கருப்பை அழற்சியால் வருந்தின. அதற்குக் காரணம் அதுவரை யாரும் அறியாத ஒரு பாக்டீரியா; அதைச் சுமந்த ஆண் குதிரைகளிடம் நோயின் அடையாளமே இல்லை. மறு ஆண்டே அமெரிக்காவின் கென்டக்கியிலும் அது தோன்றியது. உயிரைக் கொல்லாத, கழுவியும் மருந்திட்டும் தீர்க்கத்தக்க நோய்தான். இருந்தும் பல நாடுகள் குதிரை இறக்குமதிக்கே தடை விதிக்க நேர்ந்தது.

கிளாண்டர்ஸ் சட்டத்தையும் டூரின் சட்டத்தையும் ரத்து செய்து 2009இல் நம் பார்லிமெண்ட் ஒரே சட்டமாக்கியபோது, அதன் அட்டவணையில் அவ்விரு நோய்களோடு இந்தக் கருப்பை அழற்சியும் இடம்பெற்றது. கிண்டியிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இன்று குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குட்டி எடுக்கும் எண்ணம் இருந்தால், இரண்டு குதிரைகளின் ரத்தத்தையும் கசிவையும் பரிசோதித்த பிறகே இணை சேர விடுங்கள். சந்தேகம் தோன்றினால் மறைக்காமல் தெரிவிப்பது உடையவரின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது.